குளத்தூப்புழையிலிருந்து ஹட்டனுக்கு: ஒரு குடும்பத்தின் நாள் செலவுக் கணக்கு

பின்னணி

கொல்லம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், செங்கோட்டை கணவாயைத் தாண்டியதும் வரும் குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினரைப் புனலூர் பக்கம் கொண்டுவந்து ரப்பர் வெட்டு வேலையில் சேர்த்தார்கள். அப்போது பிள்ளைகளாகவும் இளவட்டங்களாகவும் வந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. பிறந்த தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற பேச்சு இங்கே பல வீடுகளில் உண்டு. பேச்சோடு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பணம்தான். பணம் இல்லை என்பதைவிட, எவ்வளவு ஆகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே பெரிய தடை.

நான் இங்கே இணைய சேவை மையம் வைத்திருக்கிறேன். விசா விண்ணப்பம், விமான டிக்கெட் எல்லாம் போட்டுக் கொடுப்பதால் இந்தக் கணக்குகள் என் மேஜையில்தான் போடப்படும். 2025 பிப்ரவரியில் போய்வந்த ஒரு குடும்பத்தின் கணக்கை, அவர்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், சரி.

போனவர்கள் நான்கு பேர். ஓய்வு பெற்ற ரப்பர் வெட்டுத் தொழிலாளியான பெரியவர், வயது 67. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 17 வயதில் கப்பல் ஏறியவர். அவருடைய தங்கை, இரண்டு முழங்காலிலும் வலி. பெரியவரின் மகள்; அண்டியாபீஸ் என்று இங்கே சொல்லும் முந்திரி ஆலையில் பருப்பு உடைப்பவர். மருமகன், தென்மலையில் ஜீப் ஓட்டுகிறார்.

மகளுக்கு விழுந்த சிட்டிப் பணம், அதாவது சீட்டுப் பணம், 1,50,000 இந்திய ரூபாய். இதற்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு.

காலம் பிப்ரவரி. ரப்பர் மரம் இலை கொட்டி வெட்டு நிற்கும் மாதம் என்பதால் தோட்டத்தில் யாருக்கும் பெரிய வேலை இருக்காது. இலங்கையின் மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் அப்போது மழை குறைவு. தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில்தான் தொடங்கும். இரண்டும் ஒத்துவந்தன.

முதலில் போட்ட கணக்கு

திருவனந்தபுரம்–கொழும்பு போய்வர விமான டிக்கெட் நான்கு பேருக்கு 68,800. விசா அனுமதிக்கு ஆளுக்கு 20 டாலர். கார்டு கட்டணத்தோடு சேர்த்து ஏறத்தாழ 7,000. மடத்தறை, நெடுமங்காடு வழியாக விமான நிலையம் போய்வர வாடகைக் கார் 5,200. மொத்தம் 81,000 இந்திய ரூபாய். மிச்சம் 69,000-இல் 9,000 வங்கியிலேயே இருக்கட்டும், உயிர் போகிற அவசரம் தவிரத் தொடக்கூடாது என்று ஒதுக்கினார்கள். கையில் 60,000. டாலராக்கினால் சுமார் 690. அன்றைய விலையில் இலங்கைக் காசு 2,01,000 வரும். இனி இந்தக் கட்டுரையில் வரும் தொகைகள், இந்திய ரூபாய் என்று தனியாகச் சொல்லாதவரை, இலங்கை ரூபாய்தான். அந்த மாதம் நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஏறத்தாழ 3 ரூபாய் 40 காசு.

ஒன்பது நாள், எட்டு இரவு. மருமகன் போனிலேயே வகுத்தார்: ஒரு நாளைக்கு 22,300. "அண்ணே, இந்தக் கணக்கு போதும். தினமும் ராத்திரி இதுக்குள்ள இருக்கான்னு பார்த்துக்கிட்டா முடிஞ்சுது" என்றார். யூடியூபில் பார்த்த ஒரு பையன் ஆளுக்கு 30 டாலரில் ஒரு நாளை ஓட்டியிருந்தான். நம் கணக்கு ஆளுக்கு 19 டாலர்தான் என்றாலும், நாலு பேர் ஒன்றாகப் போவதால் சமாளிக்கலாம் என்பது அவர் எண்ணம்.

இந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்ளவில்லை. வகுத்ததில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒன்பது நாளும் ஒன்றுபோல இருந்தால்தான் அது செல்லும்.

கவனித்தவை

ஒவ்வொரு நாளாக எங்கே இருப்பார்கள், என்ன செய்வார்கள் என்று எழுதிப் பார்த்தோம். 6-ஆம் தேதி மாலை இறங்கிக் கொழும்பில் ஓர் இரவு. 7-ஆம் தேதி ஹட்டன். அங்கே நான்கு இரவு. 8-ஆம் தேதி சொந்தத் தோட்டம், 9 ஹட்டனிலேயே, 10-ஆம் தேதி நுவரெலியா போய்த் திரும்புவது. 11, 12 கண்டி. 13-ஆம் தேதி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நீர்கொழும்பு. 14 காலை விமானம்.

எழுதியதுமே சில விஷயங்கள் தெரிந்தன. ஹட்டன்தான் சிவனொளிபாத மலைக்கு இறங்கும் ரயில் நிலையம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை அங்கே யாத்திரைக் காலம்; வெள்ளி, சனி இரவுகளில் அறை விலை ஏறும். அவர்கள் கேட்டுப் பார்த்த விடுதியில் ஞாயிறு, திங்கள் 9,000 என்றால் வெள்ளி, சனி 12,500. அப்புறம் 12-ஆம் தேதி பௌர்ணமி, அங்கே போயா விடுமுறை. புத்தரின் பல்லை வைத்து வழிபடும் கண்டி தலதா மாளிகையில் கூட்டம் நெருக்கும், இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடிவிடும். மது இவர்கள் கவலை இல்லை. ஆனால் கண்டியில் அறை கிடைப்பது கவலை.

ரயில் இன்னொரு சிக்கல். பெரியவருக்குக் கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஏறிப் போக ஆசை. மலைநாட்டு ரயிலில் முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், சீக்கிரமே தீர்ந்துபோகும். இவர்கள் என்னிடம் வந்தபோது அது தீர்ந்திருந்தது. முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினால் மணிக்கணக்கில் நிற்க நேரலாம். தங்கையின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது.

கப்பலையும் யோசித்தார்கள். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. ஆனால் மழைக்காலத்தில் நிறுத்தியிருந்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் காங்கேசன்துறை இலங்கையின் வடக்குக் கரை, ஹட்டன் நடு மலை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை யாழ்ப்பாணத்திலிருந்து இறங்கி வரும் வழியில் அறைக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்திருப்பார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அறைச் செலவை நாள் கணக்கிலிருந்து முதலில் பிரித்தெடுத்தோம். எட்டு இரவுக்கும் அறை விலை முன்கூட்டியே தெரியும் என்பதால், அதைத் தினச் செலவில் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. இரண்டு அறை எடுப்பதா, நான்கு பேருக்கும் ஒரே பெரிய அறையா என்று ஒரு பேச்சு வந்தது. "லயத்துல ஒரே காம்புராவுல எட்டுப் பேர் படுத்தோம்" என்றார் பெரியவர், பேச்சு முடிந்தது. லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, காம்புரா அதில் ஓர் அறை. கொழும்பு 13,000, ஹட்டன் நான்கு இரவு 43,000, கண்டி இரண்டு இரவு 23,000, நீர்கொழும்பு 9,500. மொத்தம் 88,500.

மீதியை நாளின் வகைப்படி பிரித்தோம். ஊர் மாறும் நாளுக்கும் நீண்ட தூரம் போய்வரும் நாளுக்கும் 13,000: சாப்பாட்டுக்கு ஆளுக்கு 1,500 வீதம் 6,000, போக்குவரத்துக்கு 7,000. இப்படி ஐந்து நாள். ஓரிடத்தில் இருக்கும் நாளுக்கு 8,500. அது மூன்று நாள். உறவுக்காரர்களைப் பார்க்கும் நாள் ஒன்று. அதில் சாப்பாட்டுச் செலவு குறையும், உறவுக்காரர் கையில் கொடுப்பது கூடும் என்று 14,000. எல்லாம் சேர்த்து 1,04,500. அறையோடு 1,93,000. கையிலுள்ள 2,01,000-இல் மிச்சம் 8,000 எந்த நாளுக்கும் எழுதாமல் சும்மா இருந்தது. அது சும்மா இருப்பதுதான் அதன் வேலை.

பணத்தை 450 டாலர் நோட்டாகவும், 240 டாலர் முன்கூட்டியே பணம் ஏற்றிய கார்டாகவும் எடுத்துப் போனார்கள். வெளிநாட்டுக் கார்டுக்கு அங்குள்ள ஏடிஎம்கள் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பதால், அடிக்கடி சின்னத் தொகை எடுப்பது நட்டம். யுபிஐ 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் செல்லும். மருமகன் போனில் அதையும் திறந்து வைத்தார். கொழும்பில் ஒரு பெரிய கடையில் ஓடியது. மலைப் பக்கம் அவர்கள் போன சின்னக் கடைகளில் கைக்காசுதான்.

பணப்பை மகள் கையில். அண்டியாபீஸில் உடைத்த பருப்பின் எடைக்கு எடை கூலி எழுதிப் பழகியவர். ஐம்பது ரூபாய் தேத்தண்ணியைக்கூட விடாமல் எழுதினார். அந்த நோட்டுதான் இந்தக் கட்டுரைக்கு ஆதாரம்.

நடந்தது

6-ஆம் தேதி, வியாழன். விமான நிலைய வங்கிக் கவுன்டரில் 350 டாலர் மாற்றினார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. கொழும்புக்கு 187-ஆம் எண் பஸ் உண்டு, கட்டணம் சில நூறு ரூபாய்க்குள். ஆனால் பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் அதில் ஏறி, இறங்கி, மறுபடி ஆட்டோ பிடிப்பதற்குப் பதில் டாக்ஸி எடுத்தார்கள். சிம் கார்டு, இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,600. திட்டத்தைவிட 1,600 கூடுதல். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதல் ராத்திரியில் மிச்சம் பிடிக்கப் போய் மறுநாளைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7-ஆம் தேதி, வெள்ளி. ரயிலுக்குப் பதில் அவிசாவளை, கித்துல்கல வழியாகப் பஸ். ஹட்டனில் இறங்கும்போது மாலை. வெப்பமண்டல நாடு என்று நினைத்துப் போனவர்களுக்குக் குளிர் காத்திருந்தது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேல். பிப்ரவரி இரவில் நடுங்கும். குளத்தூப்புழை வீடுகளில் ஸ்வெட்டர் என்ற பொருளே கிடையாது. பெரியவருக்கு மட்டும் குளிர் ஞாபகம் இருந்திருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பஸார் தெருவில் நான்கு பேருக்கும் 5,600. அன்றைய செலவு 15,300.

8-ஆம் தேதி, சனி. காலையில் ஆட்டோ பேசி டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை. பெரியவரின் சித்தப்பா மகன் குடும்பம் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் போவதாகத்தான் திட்டம். போய் இறங்கிய அரை மணி நேரத்தில் அது ஐந்து வீடானது. லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஆள் வந்து நின்று, இன்னாரின் மகனா என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி. வெறுங்கையோடு எழுந்துவர முடியுமா? தென்காசியிலிருந்து கொண்டுபோன சேலையும் அல்வாவும் முதல் இரண்டு வீட்டிலேயே தீர்ந்தன. தோட்டத்துக் கடையில் பிஸ்கட், பழம், பால்மா என்று 5,200. பிள்ளைகள் கையில் வைத்தது 2,800. மாரியம்மன் கோயில் திருப்பணி நோட்டைக் கொண்டுவந்தார்கள்; பெரியவர் 10,000 எழுதினார். தங்கை, சின்ன வயதுக் கூட்டாளி ஒருத்தி புருஷனை இழந்து தனியாக இருப்பதைப் பார்த்து 5,000 கொடுத்தார். ஆட்டோவுக்கு 4,500. மொத்தம் 27,500. திட்டத்தில் இருந்தது 14,000.

இடையில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு அடிப்படை நாள் கூலி 1,350 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள். மகளின் நோட்டில் ஆளுக்குச் சாப்பாட்டுக் காசு 1,500 என்று எழுதியிருந்ததைத் தங்கை பார்த்துவிட்டு, "நாம ஒரு நாள் திங்கிறது இவங்களுக்கு ஒரு பேருக்கு மேல வருதே" என்றாராம். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. அதற்கப்புறம் அன்றைக்குக் கொடுத்தது அதிகம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. மருமகன் என்னிடம் சொன்னது: "மாமா எழுதும்போது நான் தடுக்கலண்ணே. அவர் ஊரு, அவர் கோயிலு. ஆனா அந்த நிமிஷமே மனசுக்குள்ள நுவரெலியாவ வெட்டிட்டேன்."

இரவு அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். மறுத்தால் வருத்தப்படுவார்கள் என்று தங்கினார்கள். ஹட்டன் அறைக்கு அந்தச் சனிக்கிழமை இரவு வாடகை 12,500 முந்தின நாளே கட்டியாகிவிட்டது. யாரும் படுக்காத கட்டிலுக்குப் போன காசு அது. இந்தப் பயணத்தில் வீண் என்று சொல்லக்கூடிய ஒரே செலவு இதுதான் என்பது என் கருத்து. கோயிலுக்குக் கொடுத்ததை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

மூன்று நாளில் அறை நீங்கலாக 57,400 போயிருந்தது. திட்டப்படி 40,000. எழுதாமல் வைத்த 8,000 போக, இன்னும் 9,400 இடித்தது. மருமகனின் முதல் கணக்குப்படி பார்த்தால் அறையோடு 95,400 போயிருக்கும், இருந்திருக்க வேண்டியது 67,000-க்குள். 28,000-க்கும் மேல் துண்டு விழுந்ததாகத் தெரிந்திருக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் எவரும் பயந்து, கண்டியை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பலாமா என்று யோசிப்பார்கள். வகை பிரித்த கணக்கில் இடிப்பு எங்கே, அதை எந்த நாளில் ஈடுகட்டலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது: இனி வரும் நாட்களில் மூன்று, போக்குவரத்துக்கே 7,000 எழுதிவைத்த நாட்கள்.

9-ஆம் தேதி, ஞாயிறு. காலையில் பஸ்ஸில் ஹட்டன் திரும்பினார்கள். நுவரெலியாவுக்கு உறவுக்காரர் ஒருவர் தெரிந்த வேன் பேசிவைத்திருந்தார். நான்கு பேருக்கும் 12,000, முன்பணம் 5,000 மதியத்துக்குள். கையில் இருந்தது ஏறத்தாழ 7,000. ஏடிஎம்மில் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று மருமகன் கிளம்பினார். பதினொரு மணிக்குக் கொஞ்சம் அப்புறம் கரண்ட் போனது. ஹட்டனில் மட்டுமல்ல, நாடு முழுக்க. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். மின்சாரம் பல மணி நேரம் கழித்துப் பகுதி பகுதியாகத்தான் திரும்பியது. அவர் போன ஏடிஎம்கள் செத்துக் கிடந்தன. ஞாயிறு என்பதால் பணம் மாற்றும் கடையும் திறக்கவில்லை. பையில் 100 டாலர் இருந்தும் அதை வைத்து ஒரு பாண் (ரொட்டி) வாங்க முடியாது. வேனை யாத்திரைக்கு வந்த வேறு கூட்டம் பேசிக்கொண்டு போய்விட்டது. மாலையில் கரண்ட் வந்தபின் கார்டில் பணம் எடுத்து அறை வாடகை கட்டினார்கள். அன்றைய செலவு 6,900.

10-ஆம் தேதி, திங்கள். வேன் இல்லாததால் தலவாக்கலை, நானுஓயா வழியாக பஸ்ஸில் நுவரெலியா. அங்கிருந்து சீதா எலிய அம்மன் கோயிலுக்கு மட்டும் ஆட்டோ. மொத்தம் 9,800. வேன் என்றால் சாப்பாட்டோடு 18,000 ஆகியிருக்கும். மனசுக்குள் வெட்டியதாக மருமகன் சொன்னாலும், கரண்ட் போகாமல் இருந்திருந்தால் அந்த வேனில்தான் போயிருப்பார்கள். மிச்சமானது குரங்கு செய்த உபகாரம் என்று வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள்.

11-ஆம் தேதி, செவ்வாய், தைப்பூசம். ஹட்டன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ரயிலில் கண்டி. இறக்கத்தில் வரும் ரயிலில் கூட்டம் குறைவு; முன்பதிவில்லாப் பெட்டியிலேயே தங்கைக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று பெரியவர் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் ரயில் நிற்பதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நான்கு பேருக்கும் ரயில் கட்டணம் 1,500-க்குள். மொத்தச் செலவு 7,400. எழுதிவைத்ததில் 5,600 மிச்சம்.

12-ஆம் தேதி, புதன், போயா. தலதா மாளிகையில் வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாகக் கூட்டம். அங்கே இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டு, மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அறையில் பூட்டிவைத்த பாஸ்போர்ட்டை எடுக்க மருமகன் ஒரு நடை திரும்பிப் போய்வந்தார். இரவு, பயணத்திலேயே ஒருமுறையாவது நல்ல ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று போனார்கள். பட்டியல் விலைப்படி 6,200. பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீதம் வாட் வரி சேர்ந்து 8,000-ஐத் தாண்டியது. மகள் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். பட்டியல் அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் அது இருந்தது என்று பிறகு தெரிந்தது. அன்று மொத்தம் 14,200, எழுதிவைத்தது 8,500.

13-ஆம் தேதி கண்டியிலிருந்து பஸ்ஸில் நீர்கொழும்பு, 9,600. 14-ஆம் தேதி காலைச் சாப்பாடும் விமான நிலையம் போக ஆட்டோவும் 3,900.

கணக்கு முடித்தபோது

அறை 88,500, மற்றவை 1,09,200. ஆக 1,97,700. கையில் மிஞ்சியது 3,300. நம் காசில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வங்கியில் ஒதுக்கிய 9,000 இந்திய ரூபாய் தொடப்படவில்லை. சிட்டிப் பணத்துக்கு மேல் கடன் வாங்கவில்லை.

மொத்தத்தைப் பார்த்தால் திட்டத்துக்கும் நடந்ததற்கும் வித்தியாசம் 4,700 மட்டும். நாள் நாளாகப் பார்த்தால் ஒன்றுகூட ஒட்டவில்லை. நான்கு நாள் கூடுதல், ஐந்து நாள் குறைவு. கூடுதலான நான்கில் மூன்று, பயணத்தின் முதல் மூன்று நாட்கள். இங்கிருந்து போய்வந்த மற்றவர்கள் சொல்வதும் இதேதான்: முதல் சில நாளில் காசு ஓடும். ஊர் விலை தெரியாது, குளிர் தெரியாது, பஸ் நிற்கும் இடம் தெரியாது. சராசரியை மட்டும் கையில் வைத்திருப்பவர் மூன்றாம் நாளில் திட்டமே பொய் என்று தூக்கிப் போட்டுவிடுவார். அப்புறம் எழுதுவதையும் விட்டுவிடுவார்.

இவர்கள் தப்பியதற்குத் திட்டம் பாதிக் காரணம். மீதிப் பாதியில் வேன் கைநழுவியதும், ரயில் கூட்டமில்லாமல் வந்ததும் இருக்கின்றன. அதை மறைத்து எழுதினால் அடுத்துப் போகிறவர்களுக்குப் பயன்படாது.

அடுத்த முறைக்கு மாற்றியவை

உறவுக்காகக் கொடுக்கும் காசை நாள் கணக்கிலிருந்து முழுதாக வெளியே எடுத்துவிட்டோம். அது அறை வாடகையைப் போல முதலிலேயே கழிக்க வேண்டிய தொகை. யார் ஊரோ அவர் கையில் தனி உறையில் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு, யாருக்கு என்பது அவர் பாடு. இந்தக் குடும்பம் இப்போது போனால் அதற்கு 25,000 வைப்போம் என்கிறார் மகள், அறை விலையில் மிச்சம் பிடித்தாவது.

தோட்டத்துக்குப் போகும் நாளின் இரவுக்கு முன்பணம் கட்டுவதில்லை. தங்கச் சொல்வார்கள் என்பது நிச்சயம். சனிக்கிழமை யாத்திரைக் கூட்டத்தில் அறை கிடைக்காதே என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, தோட்டத்துக்குப் போவதை வாரநாளுக்கு மாற்றுவது. கொழுந்து எடுக்கும் நாளில் வீட்டில் ஆள் இருக்காது என்றால் மாலையில் போய் இரவு தங்கினால் போதும்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு நாள் செலவுக்கான இலங்கைக் காசு கையில் இருக்க வேண்டும். நாடே இருண்டதை யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலையூரில் டாலர் மாற்ற முடியாது என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஸ்வெட்டரை மூணாறில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம். ரயில் முன்பதிவு திறக்கும் நாளை நான் என் மேஜை நாட்காட்டியிலேயே குறித்துவிடுகிறேன்.

முதல் இரவு டாக்ஸியையும், நான்கு பேருக்கு ஒரே அறையையும் மாற்றவில்லை.

இவர்கள் திரும்பிய கையோடு ஆயிரநல்லூரிலிருந்து ஐந்து பேர் கொண்ட இன்னொரு குடும்பம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் ஏப்ரல்தான் முடியும் என்றார்கள். ஏப்ரல் நடுவில் அங்கே சித்திரைப் புத்தாண்டு. கடைகள் சில நாள் மூடும். நுவரெலியாவில் சீசன் என்பதால் அறை விலை எகிறும். அதோடு ஏப்ரல் 18 முதல் 27 வரை கண்டியில் புத்தரின் புனிதப் பல் தரிசனம் என்று அறிவிப்பு வந்தது. மகளின் நோட்டை மேஜையில் விரித்துவைத்து, அவர்களுடைய ஒவ்வொரு நாளையும் எழுதினோம். கண்டியையும் நுவரெலியாவையும் அடித்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து நேரே ஹட்டன், அதே பஸ் வழியில் திரும்புவது. மிச்சமான மூன்று நாளும் தோட்டத்தில். உறவுக்கான உறையில் அவர்கள் வைத்தது 30,000.